மூன்றாம் பத்தி

சட்டைப் பொத்தான் தைக்கும்போது, துணிக்கும் பொத்தானுக்கும் நடுவே நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடி போட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு என் கணவர் சட்டையைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்று, மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காட்டினார். "இது ஆடுது பாரு. ரிப்பன் வெட்டும்போது விழுந்துச்சுன்னா போட்டோவுல அதுதான் வரும்" என்றார். உடம்போடு வைத்தே தைத்தேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நூலைப் பல்லால் அறுக்கக் குனிந்தபோது, "ஆளைக் கடிச்சுடாத, இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படுவேன்" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரணக் காரியம் அதுதான்.

விசாரணை அதிகாரி அய்யா அவர்களே, போன செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்து என்னிடம் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டினீர்கள். முன்னாள் குடிநீர்த்துறை அமைச்சரான என் கணவரின் நன்கொடை வழக்கில், குழாய்க் கம்பெனிக்குப் போன அந்தக் கடிதத்தை எழுதியது அவருடைய உதவியாளர், அதாவது என் தம்பி என்று அதில் இருந்தது. "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா. பதினாலாம் தேதி வழக்கு முடிஞ்சுரும்" என்றீர்கள். என் சொந்த வார்த்தையில் எழுதித் தரலாமா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்மா. ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சுருங்க" என்றீர்கள்.

வெயிலில் வந்தும் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொன்ன தங்கள் கண்ணியத்துக்கும், வாசலில் செருப்பை நேராக விட்ட ஒழுங்குக்கும் முதலில் என் நன்றி. அந்தக் கடிதத்தை எழுதியது என் தம்பி அல்ல, நான். தங்கள் அலுவலகக் கோப்புகள் நல்ல அட்டையில் கட்டப்பட்டிருந்ததையும் கவனித்தேன்.

இனி விவரம்.

என் கணவரைக் கட்சியில் "பெரிய கத்தரி" என்பார்கள். திறப்பு விழாக்களில் கொடுக்கும் கத்தரி எப்போதும் மொட்டையாக இருக்கும், நாலு முறை கடித்தும் ரிப்பன் அறுபடாது, கூட்டம் சிரிக்கும் என்பதால் அவர் சொந்தமாக ஒரு கத்தரி வைத்திருந்தார். மாதம் ஒரு முறை சாணை பிடிப்பார். வேறு எதிலும் அவ்வளவு முன்யோசனை உள்ளவர் அல்ல. தம்பியை "பாக்கெட்" என்பார்கள், அவருடைய சட்டையை விட்டு அகலாதவன் என்பதால். எனக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் செய்தித்தாள்களில் என் இடது முழங்கை நான்கு முறை வந்திருக்கிறது.

நன்றிக் கடிதங்கள் எங்கள் வீட்டு வழக்கம். யார் எது கொடுத்தாலும், புத்தகமோ பழக்கூடையோ, மூன்று நாளுக்குள் கடிதம் போய்விடும். தம்பி பெயர்ப் பட்டியலைக் கொடுப்பான். நான் மாடியறையில் உட்கார்ந்து எழுதித் தட்டச்சு செய்வேன். என் கணவர் நினைப்பில், தம்பி எழுதித் தருவான், நான் அடிப்பேன். அவர் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மச்சான் லெட்டர் எழுதினா கல்லும் கரையும்." கட்சி மாநாட்டில் தம்பிக்கு அதற்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அன்று மாலை தம்பி கேடயத்தோடு என்னிடம் வந்து, "அக்கா, எப்படி மறுக்கறதுன்னு தெரியல" என்றான். "வச்சுக்கடா, உன் வீட்டுல ஷோகேஸ் காலியாத்தானே இருக்கு" என்றேன். அவன் வைத்துக்கொண்டான். அந்தக் கேடயம்தான் இப்போது உங்கள் சாட்சிப் பொருள் எண் ஆறு.

கடிதம் எழுதி எழுதி எனக்கு ஒன்று புரிந்தது. மக்கள் முதல் பத்தியைப் படிப்பார்கள், தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று. கடைசிப் பத்தியைப் படிப்பார்கள், வாழ்த்து இருக்கிறதா என்று. கையெழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மூன்றாம் பத்தியை யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடுகிறவரும் படிப்பதில்லை. காபி ஆறுவதற்குள் அவர் நாற்பது கடிதங்களில் கையெழுத்துப் போடுவார்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எங்கள் இருபதாவது திருமண நாளன்று எனக்கே ஒரு கடிதம் அடித்து நடுவில் செருகினேன். மூன்றாம் பத்தியில், "இந்த ஆண்டுக்குள் பொதுவாழ்விலிருந்து விலகி, இனி தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டார். கீழே தேதியும் போட்டார். தம்பி அதை உறையில் இட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டான். மூன்றாம் நாள் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அவர் வீட்டுக்கு வர இரவு பன்னிரண்டரை ஆயிற்று.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கேட்டால் வாக்குக் கொடுப்பார், அவ்வளவுதான். இடைத்தேர்தல் முடியட்டும் என்றார். பிறகு பொதுத்தேர்தல் என்றார். பிறகு சட்டமன்றக் கூட்டத்தொடர். ஊர்மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் பாதியாவது நிறைவேறின, ஊர்மக்களிடம் ஓட்டு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே ரெண்டு வருஷம் ஓடினார்னா, மூணாவது வருஷம் ஓட ஆள் இருக்க மாட்டார்மா. எப்படியாவது உட்கார வைங்க" என்றார்.

எப்படியாவது என்ற சொல்லை அவர்தான் பயன்படுத்தினார். நான் குறித்துவைத்திருக்கிறேன்.

சொல்லிப் பார்த்தேன். மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தேன். அதன் பின்பக்கத்தில் வேட்பாளர் பட்டியல் எழுதிக்கொண்டு திரும்பி வந்தார். அழுதும் பார்த்தேன். "நீ அழுவியான்னு எனக்குத் தெரியவே தெரியாதே" என்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், போன் வந்ததும் எழுந்து போனார். அடுத்த முதலமைச்சர் அவர்தான் என்று பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. அது நடந்திருந்தால் அவரைப் பிறகு படத்தில்தான் பார்த்திருப்பேன். நான் அவரை உயிரோடு பார்க்க விரும்பினேன், முடிந்தால் என் எதிரில் உட்கார்ந்த நிலையில். வேறு எந்தப் பேராசையும் எனக்கு இருந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் குழாய்க் கம்பெனி முதலாளி அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தார். நூலகம் கட்டுவதற்காக ஏற்படுத்திய அறக்கட்டளை அது. நூலகத்தில் அதுவரை இருந்தது ஒரு பெயர்ப்பலகை மட்டும், அதுவும் எங்கள் மோட்டார் அறையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் புத்தகப் பட்டியல்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

அந்த முதலாளியிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து போகும் கடிதங்களை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார். புதுவீட்டுக்கு அவர் கொடுத்த சுவர்க்கடிகாரத்துக்கு நன்றி சொல்லி எழுதியதைக்கூட மாட்டியிருந்தார். ஒருமுறை வெட்கத்தோடு என்னிடம் சொன்னார்: "நான் எட்டாவதோட நின்னுட்டேன்மா. மத்தவன் ஆபீஸ்ல பட்டம் மாட்டுவான். எனக்கு அய்யா வீட்டு லெட்டர்தான் பட்டம்." நல்ல மனிதர். மனப்பாடமாகச் சொல்லச் சொன்னால் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் சொல்வார்.

எனவே அவருக்குக் கடிதம் எழுதும்போது கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டேன். நல்ல தாள். புது ரிப்பன் மாற்றிய தட்டச்சு. மூன்றாம் பத்தி இப்படி இருந்தது: "வடக்கு நகரக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் ஒப்பந்தம், தங்களைவிடக் குறைவாகக் கேட்ட இருவரை விலக்கித் தங்களுக்கே வழங்கப்பட்ட மறுநாளே, நான் கேட்டுக்கொண்டபடி குறையாமல் வந்து சேர்ந்த தங்கள் நன்கொடையை எண்ணி நெகிழ்கிறேன்." தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டேன். இந்த விவரமெல்லாம் தம்பி கொடுத்த பட்டியலில் இல்லை. அவனுக்குத் தெரியவும் தெரியாது. சாப்பாட்டு மேசையில் என் கணவர் போனில் பேசியது, நான் பரிமாறிக்கொண்டு நின்றபோது. நான் பக்கத்தில் இருந்தால் அவர் குரலைத் தாழ்த்துவதில்லை. நாற்காலி பக்கத்தில் இருந்தால் யாரும் தாழ்த்துவதில்லை அல்லவா.

காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரத்தில் கடிதம் சட்டத்துக்குள் ஏறி, கம்பெனி வரவேற்பறையில், நாட்காட்டிக்கும் தீயணைப்புக் கருவிக்கும் நடுவில் மாட்டப்பட்டது. நான் காத்திருந்தேன்.

எட்டு மாதம் யாரும் படிக்கவில்லை.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்ற சாக்கில் நான்கு முறை அங்கே போனேன். நன்றாக இருந்த குழாயை இரண்டு முறை மாற்றினேன். ஒருமுறை வரித்துறை அதிகாரி ஒருவர் அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார். மூன்றாம் முறை போனபோது தூசி படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். அந்தப் பக்கம் வந்த முதலாளி, "உங்க கையாலயே துடைக்கறீங்களேம்மா" என்று கண்கலங்கினார்.

இதற்குள் வீட்டில் என் கணவருக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

நான்காம் முறை, விளம்பர விஷயமாக வந்த ஒரு நிருபர் அங்கே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும், சட்டையில் மை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, கண்ணாடி கொண்டு வர மறந்துட்டேன். அந்த லெட்டர்ல மூணாவது பத்தியில என்ன இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"எதுக்குங்கம்மா?"

"சும்மாதான். எவ்வளவு நேரம் நாட்காட்டியையே பாக்கறது."

அவர் எழுந்து உரக்கப் படித்தார். "இருவரை விலக்கி" என்ற இடத்தில் குரல் இறங்கியது. "மறுநாளே" என்ற இடத்தில் நின்றுபோனது. மீதியை மனதுக்குள் படித்தார். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு, போனை உயர்த்தி மூன்று படம் எடுத்தார்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. நன்றி சொல்லியிருக்காங்க" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அம்மா நீங்க யாரு?" என்று கேட்டார்.

"குழாய் மாத்த வந்தேன்" என்றேன்.

கண்ணாடி என் கைப்பையில்தான் இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. படம் பத்திரிகையில் வந்த நான்கு நாளில் என் கணவர் பதவி விலகினார். முதல் நாள் "கடிதம் போலி" என்றார். இரண்டாம் நாள் "கடிதம் உண்மை, கையெழுத்து போலி" என்றார். மூன்றாம் நாள் "கையெழுத்து உண்மை, ஆனால் நான் படிக்கவில்லை" என்றார். அன்று அவர் சொன்னது மட்டும்தான் முழு உண்மை, அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். கட்சி அவரை நீக்கியது. குழாய்க் கம்பெனி முதலாளி கைதாகும்போது, சுவரிலிருந்த மற்றச் சட்டங்களையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டாராம்.

என் கணவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் தம்பி எழுதிக் குடுத்தான், நீ அடிச்ச. உன் மேல என்ன தப்பு இருக்கு" என்றார். தம்பியை வீட்டுக்குள் விடக்கூடாது என்றார். தம்பி பின்வாசல் வழியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அக்கா, நீ ஏதோ தெரியாம எழுதிட்ட. மாமா போன்ல பேசினது காதுல விழுந்திருக்கும், அப்படியே எழுதிட்ட. உனக்கு என்ன தெரியும் பாவம். யார்கிட்டயும் வாயத் திறக்காத. நான்தான் எழுதினேன்னு சொல்லிக்கறேன். கேடயம் வேற இருக்கு, நம்புவாங்க."

"சரிடா" என்றேன்.

அவன் தானாகச் சொன்னான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கடிதத்தை எழுதியவனுக்கு ஒப்பந்த விவகாரம் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசு வக்கீல் வாதிடுவார் என்பதெல்லாம் அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் அழுதுகொண்டிருப்பவனிடம் சட்டம் பேசுவது நன்றாக இருக்காது.

அடுத்த ஐந்து மாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான காலம் வேறு இல்லை. அவர் வீட்டில் இருந்தார். ஆறு மணிக்கு மட்டுமல்ல, எல்லா மணிக்கும். சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று முதல் முறையாகக் கேட்டார். காட்டினேன். "இவ்வளவு நாளா இங்கேயா இருக்கு?" என்றார், யாரோ அவரிடமிருந்து மறைத்துவைத்த மாதிரி.

பழக்கம் விடவில்லை என்பது உண்மைதான். குழாய் பழுதுபார்க்க வந்தவரை உட்கார வைத்து, "உங்க பகுதியில அடிப்படைப் பிரச்சினை என்ன?" என்று விசாரித்தார். வந்தவர், "நீங்கதான் சார், ஒதுங்கினீங்கன்னா வேலையைப் பாப்பேன்" என்றார். பக்கத்து வீட்டு அம்மாவின் தண்ணீர்த் தொட்டியை ஆய்வு செய்து, போர்க்கால அடிப்படையில் மூடி போடுவதாக உறுதியளித்தார். அந்த அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் பத்து முறை தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து, ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார். "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று என்னிடம் சொல்வார். அவர் கொஞ்சம் இளைத்தார். பேச்சும் குறைந்தது. மாலையில் இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். எதுவும் பேசாவிட்டாலும், அவரும் என்னைப் போலவே மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்.

ஐந்தாம் மாதம் ஒரு போன் வந்தது. மூன்று தெரு தள்ளி ஒருவர் முடிதிருத்தும் கடை திறக்கிறார், யாரும் கிடைக்கவில்லை, அய்யா வந்து ரிப்பன் வெட்ட முடியுமா என்று. அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம், "தேதி காலியா இருக்கான்னு பாக்கணும்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார். அடுத்த நாலு நாளும் அவர் நடையே மாறியிருந்தது. கத்தரியைச் சாணை பிடித்து வந்தார். வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்தார். கண்ணாடி முன்னால் நின்று, "தலைமுடி என்பது தன்மானத்தின் அடையாளம்" என்று ஒத்திகை பார்த்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் ஒரு ரிப்பனில்தான் ஆரம்பிக்கும். இன்று முடிதிருத்தும் கடை, நாளை தையல்கடை, ஆறு மாதத்தில் ஊர் மறந்துவிடும், அடுத்த தேர்தலில் மறுபடி ஓட்டம். மருத்துவர் சொன்ன மூன்றாவது வருஷம் பிறந்திருந்தது.

அன்று காலை எட்டு மணிக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் பேசினார். "ஒன்பதரைக்குக் கார் அனுப்பறேம்மா." நான் சொன்னேன்: "அனுப்ப வேண்டாம். அவருக்கு உடம்பு சரியில்ல. நீங்களே வெட்டிக்குங்க."

ஒன்பது மணிக்குத்தான் பொத்தான் தைத்தேன்.

ஒன்பதரைக்கு அவர் கூடத்தில் காலணியோடு உட்கார்ந்தார். கத்தரி மேல்பையில் இருந்தது. பத்து மணிக்கு, "நம்ம காலத்துல நான் ரெண்டு மணி நேரம் லேட்டாப் போவேன். இப்ப அவங்க முறை" என்றார். பத்தரைக்கு ஒரு கார் சத்தம் கேட்டு எழுந்தார். அது பக்கத்து வீட்டுக்கு. பதினொன்றுக்கு, "ஒரு போன் பண்ணிப் பாரேன்" என்றார். நான் உள்ளே போய்த் தொலைபேசி அருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். "எடுக்கல" என்றேன். "வேலையா இருப்பாங்க. திறப்பு விழா இல்லையா" என்றார். கடைக்காரரை விட்டுக்கொடுக்கவில்லை.

பதினொன்றரைக்குக் காபி கொண்டுவந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார், வாசலைப் பார்த்து. கூப்பிட்டேன். காபி ஆறியது.

அமைதியான மரணம் என்று மருத்துவர் சொன்னார். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஓய்வு தாமதமாகக் கிடைத்ததுதான் காரணம் என்பது என் கருத்து. எட்டு மாதம் முன்னதாக யாராவது அந்தச் சுவரைப் படித்திருந்தால் அவர் இன்றும் இருந்திருப்பார். படிக்கத் தெரிந்தவர்களின் சோம்பலுக்கு நான் என்ன செய்ய முடியும்.

தம்பியை ஒவ்வொரு புதன்கிழமையும் சிறையில் போய்ப் பார்க்கிறேன். "அக்கா, நீ தெரியாமத்தானே எழுதின?" என்று இப்போதெல்லாம் கேள்வியாகக் கேட்கிறான். "உடம்பைப் பாத்துக்கடா" என்கிறேன்.

இரண்டு பக்கம் தாண்டிவிட்டது, மன்னிக்க வேண்டும். நீங்கள் தலைக்கு மேல் வேலை உள்ளவர். முதல் பத்தியில் பொத்தான் இருக்கிறது, கடைசிப் பத்தியிலும் அதுதான் இருக்கும். தம்பியை விடுவிக்கத் தேவையானதை வழக்கமான இடத்தில், ஒரே வரியில் வைத்திருக்கிறேன். பதினாலாம் தேதிக்குள் யாராவது படித்தால் அவன் வெளியே வருவான். படிக்காவிட்டால், சொல்ல வேண்டியதைச் சொன்ன நிம்மதி எனக்கு உண்டு. அவனுக்கு நான் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

மருத்துவமனையிலிருந்து அவருடைய பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கத்தரி ஒன்று, காலணி ஒரு ஜோடி, சட்டை ஒன்று. நெஞ்சில் இயந்திரம் வைப்பதற்காகச் சட்டையை அவசரத்தில் இரு பக்கமும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஐந்து பொத்தான்கள் தெறித்துவிட்டன. மேலிருந்து இரண்டாவது மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்றுக்கூட இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை.